பயத்தை எழுதிக்கொண்ட வக்கீலம்மா

அவரிடம் போன முதல் நாளே நான் பொய் சொன்னேன். கிணற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் வரும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறால் பண்ணை வந்தது. குளம் குளமாக வெட்டிக் கடல் தண்ணீரைத் தேக்கினார்கள். சில வருடங்களில் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது, வாசல் முருங்கை பட்டுப்போனது. எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் வக்கீலம்மா மேசை இழுப்பறையிலிருந்து நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒனக்கு என்னத்தா பயம்?"

"பயமா?"

"ஆமா. மனுசரா பொறந்தா ஒரு பயம் இருக்கும்ல. எதுக்குப் பயப்படுவ, யாருக்குப் பயப்படுவ? சொல்லு, எழுதிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? "பாம்புன்னா பயம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பாம்பு" என்று எழுதித் தேதி போட்டு நோட்டை மூடினார். "சரி, வீட்டுக்குப் போ. நாளான்னைக்கு வா. அன்னைக்குக் கெணத்தப் பத்திப் பேசுவோம்" என்றார். வந்த கோபத்தில் படியிறங்கும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

என்னோடு பக்கத்து வீட்டு அக்காவும் வந்திருந்தார். கடலில் முங்கிப் பாசி எடுப்பது அவர் பிழைப்பு. அவர் வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே கிணறுதான். "என்னடி இது, வக்கீலுகிட்ட வந்தமா பேயோட்டுறவகிட்ட வந்தமா?" என்று அக்கா பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் அவருடைய அறை. ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. கடலாடிப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரியும். கறுப்புக் கோட்டு பெரும்பாலும் ஆணியில்தான் தொங்கும். நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டிருப்பார். அங்கே உட்கார்ந்தால் படியேறி வருகிறவரின் தலை முதலில் தெரியும்.

வக்கீல் என்றால் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார்கள் என்று நினைத்துப் போனவள் நான். இவரைவிடப் பயந்த மனுஷியை இன்றுவரை பார்த்ததில்லை. பஸ்ஸில் வந்தால் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார், எண்ணை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்வார். எங்கள் மனுவின் ஒவ்வொரு காகிதத்துக்கும் மூன்று நகல் எடுத்து மூன்று வீடுகளில் வைக்கச் சொன்னார். ஒரு நகல் எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் பாலிதீன் பையில் கிடந்தது. உலை வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. யாரையும் முதல் நாளில் கையெழுத்துப் போடவிட மாட்டார். பக்கத்து அறை வக்கீல்கள் ஆள் வந்ததும் வக்காலத்தை நீட்டுவார்கள். இவர் காகிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்வார். "படுத்து எந்திரிச்சு வா. காலையிலயும் போடணும்னு தோணுச்சுன்னா போடு" என்பார். வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள். அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை போனபோது, "பாம்பு பொய்யி. இப்பச் சொல்லு" என்றார்.

சொன்னேன். என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், வெளிநாட்டில் டிரைவர் வேலை பார்க்கிறார். அவர் வேலை செய்யும் கம்பெனியின் மேனேஜர் இந்த இறால் பண்ணை முதலாளிக்கு மச்சினன். விசாவே அவர்கள் தயவில் வந்ததுதான். பண்ணைமேல் நான் கேஸ் போட்டால் மச்சானை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதுதான் என் பயம்.

அவர் எழுதவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பாஸ்போர்ட் யார் கையில்? தங்குவது கம்பெனி ரூமிலா? எந்த மாதம் விசா புதுப்பிப்பார்கள்? தினமும் எத்தனை மணிக்குப் போன் பேசுவார்? ஒவ்வொரு கேள்வியும் சரியான இடத்தில் வந்து குத்தியது. என்னை எங்கே தட்டினால் நான் விழுவேன் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இதை இவர் எங்கே படித்தார் என்று அப்போதே எனக்குள் ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் பயந்தவளுக்குச் சந்தேகப்பட எங்கே நேரம்? எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு வந்தேன்.

எந்தெந்த வேலை பார்த்து வந்தார் என்று அவர் ஒருநாளும் வரிசையாகச் சொன்னதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிரும். கிணற்றைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தவர், வாளித் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "படிச்சு முடிச்சதும் நான் பாத்த மொத வேலை தண்ணி டெஸ்ட் பண்றதுதான். லேபுக்கு அனுப்பத்தான் போறேன். ஆனா அங்கன உக்காந்திருக்கவன் ரிப்போர்ட்டுல என்ன எழுதுவான்னு எனக்குத் தெரியும். நானும் எழுதியிருக்கேன்ல" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் பட்டது.

அதற்குப் பிறகு மதுரையில் சட்டம் படித்தாராம். பிறகு ஏதோ பெரிய கம்பெனியில் வேலையாம். கோர்ட்டு வாசலில் மனு டைப் அடிக்கிற பெண் ஒருநாள் என் காதைக் கடித்தாள். "ஒங்க வக்கீலம்மாவுக்குக் கம்பெனியில காரெல்லாம் குடுத்திருந்தாங்களாம்க்கா. அம்புட்டையும் விட்டுட்டு இங்கன வந்து பஸ்ல தொங்குது." ஏன் விட்டீர்கள் என்று அவரிடமே கேட்டேன். "பிடிக்கல" என்றார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

பண்ணைக் குளத்துக்கும் எங்கள் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க ஒருநாள் வந்தார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக் கிணற்றடியில் நின்றேன். அவர் மறுமுனையை இழுத்துக்கொண்டு பண்ணை வேலி வரைக்கும் போனார். வேலிக்கு உள்ளே நாய் இரண்டு குரைத்தன. அந்தச் சத்தத்துக்கு ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். பண்ணையின் மேனேஜர். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் ஆள். எங்கள் ஊரில் அவரைப் பார்த்தால் பெரிய ஆம்பிளைகளே பாதையை மாற்றிக்கொள்வார்கள்.

"அடடே, அக்கா! சொகமா இருக்கீகளா? எம்புட்டு வருசமாச்சு பாத்து!" என்று வக்கீலம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

வக்கீலம்மா இழுத்துப் பிடித்திருந்த டேப் என் கைவரைக்கும் அதிர்ந்தது.

மேனேஜர் கிணற்றடிக்கு நடந்து வந்து என்னிடமும் சிரித்தார். "மச்சான் நல்லா இருக்காகளா தங்கச்சி? விசா புதுப்பிக்கிற மாசம் வருதுல்ல? கவலைப்படாத, நாங்க சொல்லி வெச்சிருக்கோம்." அவ்வளவுதான் சொன்னார். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வக்கீலம்மா வந்தார். "ஒன் வீட்டுக்குள்ள வரலாமா?" என்று கேட்டார். அதுவரை எத்தனையோ தடவை கூப்பிட்டும் வாசலைத் தாண்டாதவர். உள்ளே வந்து, நாற்காலியை விட்டுவிட்டு வெறுந்தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவன் எனக்குக் கீழ வேலை பாத்தவன்."

"எங்க?"

"இந்தக் கம்பெனியிலதான்த்தா. அப்ப அதுக்கு வேற பேரு."

அவரே சொல்லி முடித்தார். பண்ணைக்கு அனுமதி கொடுப்பதற்குமுன், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்க ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே கம்பெனி வக்கீலான இவர் காரில் வந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி. உங்களுக்கு என்ன பயம்?

"ஆசையா சொல்லுவாகத்தா. அதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாகல்ல. வீட்டுக்கு ஒரு வரி எழுதுவேன். ஒருத்தருக்குப் பட்டா, ஒருத்தருக்குத் தம்பி மேல போலீஸ் கேசு. பத்திரமா எழுதிக் கம்பெனியில குடுப்பேன். அவுக ஆள் பாத்து உதவுவாக, இல்ல மெரட்டுவாக. கூட்டத்தன்னைக்குப் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, டீயும் போட்டு வெச்சிருந்தோம். ஆட்சேபணை சொல்ல ஒரு ஆளு வரல."

"எங்க வீட்டுக்கும் வந்தீகளா?"

"வந்தேன். ஒங்க வாப்பா இந்தா, இங்கனதான் உக்காந்திருந்தாரு."

எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த நேரம். கார் வந்து நின்றது, யாரோ ஒரு அம்மா வந்திருக்கிறார் என்று திரைக்குப் பின்னாலிருந்து நன்னாரி சர்பத் கலந்து கொடுத்தனுப்பினேன். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே குடிவருவார். இந்த வீட்டையும் கிணற்றையும் வாப்பா எனக்கென்று எழுதி வைத்திருந்தார். பார்த்திருந்த மாப்பிள்ளைக்கு அப்போது வேலை எதுவும் இல்லை.

"வாப்பாவுக்கு என்ன பயம்னு எழுதுனீக?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மகள்னு எழுதுனேன்."

கூட்டத்துக்கு வாப்பா போகவில்லை. அந்த மாதமே மச்சானுக்கு விசா வந்தது. அல்லாஹ்வின் கருணை என்று வீட்டில் துஆ ஓதி நேர்ச்சைச் சோறு ஆக்கினோம். அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டிருக்கிறேன். வாப்பா மவுத்தாகிக் கண்மூடும்வரை கிணற்றடிப் பக்கம் போகாமலே இருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. எனக்கு அந்த அம்மாவின் மேல் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? எழுந்து வெளியே போங்கள் என்று கத்தினேன். அவர் எழுந்தார், ஆனால் போகவில்லை.

"இந்தக் கேச நான் தொட்டிருக்கவே கூடாது. ஒருத்தருக்கு வக்கீலா இருந்துட்டு, அதே விசயத்துல அவருக்கு எதிரா வரக் கூடாது. ஒங்க ஊருப் பேரச் சொன்னதுமே ஒங்களத் திருப்பி அனுப்பியிருக்கணும். முடியல. இன்னைக்கு அவன் என்னையப் பாத்துட்டான். நாளைக்கே கோர்ட்டுல சொல்லுவான். அதுக்கு முன்னாடி நான் வெலகிருவேன். மதுரையில ஒரு வக்கீல் தம்பிகிட்ட கேசக் குடுத்துட்டு நான் சாட்சியா வாரேன். நடந்தத எல்லாம் என் கைப்பட எழுதிக் குடுக்கப் போறேன்."

"குடுத்தா ஒங்களுக்கு என்ன ஆகும்?"

"பழைய கட்சிக்காரன் ரகசியத்த வெளிய சொல்ற வக்கீலுக்குக் கோட்டு இருக்காது. விடு. நீ கையெழுத்துப் போட வேண்டாம். ஒன் மச்சான் வேலை தப்பிக்கணும். அதுக்குத்தான் இது."

அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் கோட்டு போவதைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. என் வீடு தப்பித்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மதுரை வக்கீல் போனில் கூப்பிட்டுப் பேசினார். "கம்பெனியை விட்டுப் போனவங்க வன்மத்துல எழுதினதுன்னு ஒரே வரியில தள்ளிருவாங்கம்மா. ஆமா, எங்க வீட்டுக்கும் வந்தாங்க, இதனாலதான் நாங்க பேசலன்னு அந்த ஊர்ல ஒரு வீடாவது சொன்னாத்தான் நிக்கும்" என்றார். நான் யோசிக்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மச்சான் போன் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "விசாவ எதுக்காகக் குடுத்தாகன்னு மாமா என்கிட்ட சொல்லித்தான் அனுப்புனாக. ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

"நான் இப்ப என்ன செய்ய?"

"கையெழுத்துப் போட்டா என்னைய அனுப்பிருவாக. அது நிச்சயம். ஆனா நீ போடலைன்னா நான் லீவுல வந்து அந்த வீட்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காருவேன்? ஒனக்கு எது தோணுதோ செய்யி."

இப்படிப் பந்தை என்னிடமே தள்ளிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் ஒரு ராத்திரி படுத்து எழுந்தேன். காலையிலும் பயம் அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் போடணும் என்றுதான் தோன்றியது.

ராமநாதபுரத்தில் நோட்டரி வக்கீல் ஒருவருடைய அறைக்குப் போனோம். பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டாவது ஆளாகக் கைநாட்டு வைக்க வந்தார். முற்பகல் பத்து மணி இருக்கும். வராந்தா பெஞ்சில் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தன் வாக்குமூலத்தை முந்தின நாளே கொடுத்துவிட்டார். இப்போது அவரும் சாட்சி என்பதால், நாங்கள் எழுதும் இடத்தில் இருக்கக் கூடாது என்று வெளியே இருந்தார். என்னை அக்காவுக்குத் துணையாக வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனேன். எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். கை விறைத்துப்போய் என் பெயரே வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு குமாஸ்தா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதை நான் பார்த்தேன், அதற்கு அர்த்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

வெளியே வந்து, "போட்டுட்டேன்" என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் போட்ட? ஒன்னையப் போட வேண்டாம்னு சொல்லித்தானே என் கோட்டக் கழட்டிக் குடுத்தேன்? அறிவிருக்கா ஒனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது என் போன் அடித்தது. மச்சான். அந்த நேரத்தில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு எடுக்கக் கை வரவில்லை. வக்கீலம்மாதான், "எடு ஆத்தா" என்றார்.

"வண்டிச் சாவிய வாங்கிட்டாக" என்றார் மச்சான். "ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாக. நீ பயப்படாத, நான் வாரேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று அவர் அப்படிப் பேசியதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

மை காய்ந்திருக்காது. கடலுக்கு அந்தப்புறம் அதற்குள் தெரிந்துவிட்டது. "எப்படி இம்புட்டுச் சீக்கிரம்?" என்று கேட்டேன்.

வக்கீலம்மா வராந்தாத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொத ஆளுக்கு அன்னைக்கே அடி விழணும். ரெண்டாவது ஆளு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி விழணும். அப்பத்தான் ரெண்டாவது ஆளு எந்திரிச்சுப் போகும். இத நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

பக்கத்து வீட்டு அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என் தலையைத் தடவினார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என் வீட்டுக்காரரு கடல்ல வேலை பாக்குறாரு. அவர எவன் வேலைய விட்டு நிப்பாட்டுவான், கடலா?" என்று சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

வக்கீலம்மா என் மணிக்கட்டை விடவில்லை. "அதுக்கும் வழி இருக்குத்தா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "இந்த வள்ளம் எல்லை தாண்டிப் போகுதுன்னு ஒரு புரளி போதும். அதையும் நான் அவுகளுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். சாட்சி உள்ளே போகக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாததா? வேகமாகப் போய் அறைக் கதவைத் தள்ளினார். "நில்லு தாயி, மை வெக்காத. நான் ஒன்னு சொல்லணும். அதக் கேட்டுட்டு அப்பறம் வெக்கிறதுன்னா வையி" என்றார். நோட்டரி எழுந்து ஏதோ சத்தம் போட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வக்கீலம்மாவின் குரல் மட்டும் கேட்டது, என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

நான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்க வெகு நேரமாயிற்று. முதலில் அக்காதான் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. என்னைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, கைநாட்டு வைத்த பெருவிரலில் இருந்த மையைத் துடைக்கத் தொடங்கினார்.